படிக்க ஒருவர், பொருள் சொல்ல ஒருவர்

காஞ்சிபுரம்
7-6-1971

கோயம்புத்தூர் கிளை மேலாளர் திரு. ஆதிகேசவன் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஏலவார்குழலி. நம் பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் தலைமை அலுவலகத்தில் கடிதப் பிரிவு எழுத்தராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கிளைகளிலிருந்து வரும் கடிதங்களுக்கு இனி நான்தான் பதில் எழுதுவேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய அரக்குச் சேலையும் அதோடு வந்த கடிதமும் என் மேசைமேல் இருக்கின்றன. கடிதத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "மேற்படி சேலை குறித்து வாடிக்கையாளர் தரப்பில் அதிருப்தி தெரிவிக்கப்பட்டுள்ளதாலும், நூல் தொடர்பாக ஏதேனும் நேர்ந்திருக்கக்கூடும் எனக் கருத இடமிருப்பதாலும், தக்க கவனம் செலுத்தப்படுவது நலம் பயக்கும் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது."

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சேலைக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. வாங்கியவர்கள் என்ன சொன்னார்கள்? நூலுக்கு என்ன நேர்ந்தது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்? நேரடியாகப் பதில் எழுதுங்கள். சேலையை நெய்தவர் பிள்ளையார்பாளையம் நமச்சிவாயம். வருகிற குழுக் கூட்டத்தில் அவர் பெயர் அடிபடப் போகிறது.

ஏலவார்குழலி


கோயம்புத்தூர்
12-6-1971

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் எழுப்பப்பட்டுள்ள வினாக்கள் கவனத்தில் கொள்ளப்பட்டன. மேற்படி பொருள் குறித்து இந்நிலையத்தின் முந்தைய கடிதத்திலேயே போதிய அளவில் தெரிவிக்கப்பட்டுள்ளதால், மேற்கொண்டு தெரிவிக்கப்பட வேண்டியது ஏதுமில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

ஆதிகேசவன்
கிளை மேலாளர்

மேலே இருப்பது ஃபைலுக்கு. கீழே இருப்பது உங்களுக்கு. படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நான் இந்தச் சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். இங்கே ஒருவனுக்கு நேரடியாகக் கேள்வி கேட்டுக் கடிதம் வந்தால், அவன் சீட்டுக் கிழியப் போகிறது என்று அர்த்தம். சேலம் கிளையில் இருந்த முருகேசனுக்கும் இப்படித்தான் ஒன்று வந்தது. 'என்ன நடந்தது, நேரடியாக எழுதவும்.' அவனும் வெள்ளை மனசோடு எல்லாவற்றையும் எழுதினான். இப்போது ஐயம்பேட்டையில் அண்ணன் வீட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆரம்பிக்கிற கடிதம் வந்தால் நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நமக்குள் முன்பின் பழக்கமில்லை. சேர்ந்த சூட்டோடு இப்படி ஒரு கடிதம் எழுத உங்களுக்குத் தைரியம் தானாக வந்திருக்காது. எழுதச் சொன்னது யார்?


காஞ்சிபுரம்
19-6-1971

மதிப்புக்குரிய ஐயா,

யாரும் எழுதச் சொல்லவில்லை. புரியாததால் கேட்டேன். உங்கள் காகிதத்தைக் கிழிக்கவும் இல்லை. என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். கிழிக்கச் சொல்லி எழுதுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

குழுக் கூட்டம் முடிந்துவிட்டது. நம் குழுவில் கடிதம் படிக்கிற முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். உறுப்பினர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்களும் அலுவலகக் காகிதத்தைத் தொடமாட்டார்கள். எழுத்தர் நின்றுகொண்டு படிக்க வேண்டும். தலைவர் கோதண்டபாணி உட்கார்ந்துகொண்டு பொருள் சொல்வார். கோயில் மண்டபத்தில் ஒருவர் பாட்டுச் சொல்ல, இன்னொருவர் விரித்துரைப்பது மாதிரி. அவர் சொன்ன பொருள்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். தலைவர் சொன்ன பொருளை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்.

"அதாவது இன்னான்னா, நூல்ல ஏதோ நடந்துக்கீதுன்னு மேனேஜர் எழுதிக்கினு இருக்காரு. நூலு யார் கையில இருந்துச்சி? நெய்றவன் கையில. சங்கத்து நூல வெளியில வித்துட்டு, மட்டமான நூல வாங்கிப் போட்டு நெய்ஞ்சிருக்கான் நமச்சிவாயம். மேனேஜர் பெரிய மனுசன். பேர் சொல்லாம நாகரிகமா எழுதிக்கீறாரு. அவ்ளோதான் பா."

எல்லோரும் தலையாட்டினார்கள். நமச்சிவாயத்துக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுப்பதை அன்றே நிறுத்திவிட்டார்கள். ஜூலை பதினெட்டாம் தேதி கூடும் குழுவில் அவர் பெயரைச் சங்கத்திலிருந்தே எடுத்துவிடப் போகிறார்கள்.

நீங்கள் சொன்னது இதுதானா? இதுதான் என்றால் வெளிப்படையாக எழுதுங்கள். சொல்ல மறுத்தால், நல்ல சேலையைக் கடையிலேயே மாற்றி வைத்துக்கொண்டு மட்டமான சேலையை இங்கே அனுப்பிவிட்டார்களோ என்று நான் நினைக்க வேண்டியிருக்கும். உங்கள் நடையில் சொன்னால், அப்படிக் கருத இடமிருக்கிறது.

ஏலவார்குழலி


கோயம்புத்தூர்
25-6-1971

ஏலவார்குழலி,

இதை உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் உங்கள் தபாலை வேறு யார் பிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

கருத இடமிருக்கிறதா? இத்தனை வருஷத்தில் கடையிலிருந்து ஒரு கைக்குட்டைகூட என் வீட்டுக்குப் போனதில்லை. என் மனைவி தேவகி கல்யாணத்துக்குக் கட்டிய பட்டோடு சரி, மறுபட்டு கட்டியதில்லை. நேற்று வந்த பெண் என்னைத் திருடன் என்று எழுதுகிறாள், நானும் அதற்கு உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைவிட என்ன வேண்டும்.

நமச்சிவாயம் பெயரை நான் எழுதவே இல்லை. யார் பெயரும் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் அப்படி எழுதினேன். அதற்குத் தலைவர் இப்படி ஒரு பொருள் சொன்னால் நான் என்ன செய்ய முடியும்?

எனக்கும் சில கேள்விகள் உண்டு. ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்த வேலை உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? தலைவருக்கு நீங்கள் என்ன உறவு? என் வாயைக் கிளறி ஏதாவது எழுத வைத்து, அதை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இந்த வேலையா? கிழிக்கச் சொன்ன காகிதத்தைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்கிற பெண்ணை நான் எப்படி நம்புவது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். சங்கத்துச் சாயப்பட்டறை இப்போது யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். அதற்குமேல் என்னிடமிருந்து ஒரு எழுத்து வராது. வாயால் சொன்னால் காற்றோடு போகும். காகிதத்தில் எழுதினால் என் வேலையோடு போகும். எனக்கு மூன்று பிள்ளைகள்.

ஆதிகேசவன்


காஞ்சிபுரம்
2-7-1971

மதிப்புக்குரிய ஐயா,

தலைவருக்கு நான் எந்த உறவும் இல்லை. என் அப்பா சங்கத்துக்கு நெய்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நான் வாழ்த்துரை படித்ததைக் கேட்டுவிட்டு, 'குரல் கணீர்னு இருக்குது, மைக்கே வேணாம்' என்று தலைவர் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பொருள் சொல்கிறவருக்குப் படிக்க ஒரு ஆள் வேண்டுமே. அதற்குத்தான் என்னை எடுத்தார் என்பது இந்தக் கூட்டத்தில்தான் எனக்கே புரிந்தது. புரிந்தபோது அவமானமாக இருந்தது.

சாயப்பட்டறையைப் பற்றி விசாரிக்க நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சித்திரையிலிருந்து அதைத் தலைவரின் மச்சான் சீனிவாசன் நடத்துகிறார். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவருக்கெல்லாம் தெரிந்த விஷயம் இது. இதைத்தான் நீங்கள் இவ்வளவு மூடி மூடிச் சொல்கிறீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நமச்சிவாயம் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி தில்லையம்மாள் வாசலிலேயே நிறுத்தினார். "வாம்மா. அரிசிப் பானையில நூல ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கோமான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?" என்றார். பிறகு அவரே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நமச்சிவாயம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். தறியில் ஒரு இழை இல்லை. தனியார் முதலாளிகளிடம் நூல் கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "திருடன்னு பேர் வாங்கினவனுக்கு எவன்மா பட்டு நூல நம்பிக் குடுப்பான்?" என்றார். நான் கிளம்பும்போது ஒன்று கேட்டார். "கோயம்புத்தூர் மேனேஜர் என்னப் பாத்ததுகூட இல்லியே. அவருக்கு எம்மேல இன்னா கோவம்?"

உங்களிடமே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஐயா, நீங்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யார் வேண்டுமானாலும் தன் பொய்யைக் கொண்டுவந்து இறக்கி வைக்க அதில் தாராளமாக இடம் விட்டிருந்தீர்கள். யார் என்ன செய்தார்கள், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எழுத அரைப் பக்கம் போதும். அந்த அரைப் பக்கத்துக்குத்தான் நீங்கள் இவ்வளவு பயப்படுகிறீர்கள்.

பயம் என்று நம்பத்தான் எனக்கும் ஆசை. ஆனால் சீனிவாசன் வைகாசியில் கோயம்புத்தூர் வந்து உங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டதாக இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்ட பிறகு எதை நம்புவது என்று தெரியவில்லை.

ஏலவார்குழலி


கோயம்புத்தூர்
10-7-1971

அம்மா ஏலவார்குழலி,

சீனிவாசன் சாப்பிட்டது உண்மை. தலைவரின் மச்சான் வாசலில் வந்து நின்றால் இலை போடாமல் அனுப்ப முடியுமா? பாயசம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை வாங்கிக் குடித்தார். போகும்போது, 'அரக்குச் சேலைங்க நல்லா போகுதா மேனேஜர்?' என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரிதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். சேலையைத் திருப்பாமலும் இருக்க முடியாது, காரணத்தைச் சொல்லவும் முடியாது. அதற்குத் தோதான நடை அதுதான்.

நமச்சிவாயம் கேட்டதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. எனக்கு அவர்மேல் என்ன கோபம். அவர் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

இத்துடன் குழுவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கை தன்பாட்டுக்கு 'தெரிவிக்கப்படுகிறது' என்றே ஓடிற்று. கடைசியில் தேவகியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். வரிக்கு வரி, "யாரு? யாருன்னு சொல்லுய்யா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புரிகிறவரை அடித்து அடித்து எழுதினேன்.

உங்களை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. அதனால் இதன் பிரதி ஒன்று பதிவுத் தபாலில் குழு உறுப்பினர் ஒருவருக்குப் போயிருக்கிறது. யாருக்கு என்று சொல்லமாட்டேன். நீங்கள் ஒரு வரியை விட்டுப் படித்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆதிகேசவன்

(இணைப்பு)

தலைவர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும்,

நான் வைகாசியில் திருப்பி அனுப்பிய அரக்குச் சேலையில் சாயம் போகிறது. கல்யாணப் பெண் அதைக் கட்டிக்கொண்டு மழையில் நனைந்தாள். அரக்கு இறங்கி மஞ்சள் கரை முழுக்கப் பரவிவிட்டது. பெண்ணின் அப்பா சேலையைக் கடைக்குக் கொண்டுவந்து என்முன் போட்டார்.

இது நெய்தவர் குற்றம் இல்லை. கடையில் இருந்த மற்ற அரக்குச் சேலைகளின் ஓரத்தை நான் நனைத்து, வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தேன். வெவ்வேறு பேர் நெய்த சேலைகள் அவை. சித்திரைக்குப் பிறகு வந்தவை எல்லாவற்றிலும் சாயம் ஒட்டியது. அதற்கு முன் வந்தவை எதிலும் ஒட்டவில்லை. சித்திரையில்தான் தலைவர் கோதண்டபாணி சாயப்பட்டறையைத் தம் மச்சான் சீனிவாசனிடம் கொடுத்தார்.

நமச்சிவாயம் நூலை மாற்றினார் என்று நான் எழுதவில்லை. அப்படி நினைக்கவும் இல்லை. என்மேல் சந்தேகம் இருந்தால், கிடங்கில் இருக்கும் அரக்கு நூலில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். நமச்சிவாயத்துக்குப் பாவு கொடுங்கள்.

ஆதிகேசவன்
கோயம்புத்தூர் கிளை மேலாளர்


காஞ்சிபுரம்
20-7-1971

மதிப்புக்குரிய ஐயா,

நமச்சிவாயத்துக்குப் பாவு கொடுத்துவிட்டார்கள். இதைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

கூட்டத்துக்கு முன்னால் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்றார். வந்திருக்கிறது என்றேன். "நீட்டி முழக்கிக்கினு இருக்காதமா, சுருக்கமா படி" என்றார். ஏற்கெனவே சுருக்கமாகத்தான் இருக்கிறது ஐயா என்றேன். அவர் கையை நீட்டுவதற்குள் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

படிக்க எழுந்து நின்றேன். உங்கள் இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார், ஒருவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருமே எதையோ மறைப்பது மாதிரி இருந்தது. ஒரு வரி விடாமல் படித்தேன். 'மச்சான் சீனிவாசனிடம்' என்ற இடத்தில் வெற்றிலைக்காரர் கை நின்றது.

படித்து முடித்தேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது, இதுக்கு இன்னா பொருள்னா" என்று ஆரம்பித்தார்.

கங்கையம்மாள் குறுக்கிட்டார். குழுவில் இருக்கிற ஒரே பெண் அவர்தான். இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை என்கிறார்கள். "பொருளு இன்னாத்துக்குபா? அதான் புரிஞ்சிடுச்சே. ஒரு சொம்பு தண்ணி கொண்டாரச் சொல்லு" என்றார்.

கிடங்கிலிருந்து நூலை எடுத்துவந்து அவரே போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆரத்தித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. "தண்ணியில உப்பு ஜாஸ்தி, அதான்" என்றார் தலைவர். "போன வருசம் வேற ஊரு தண்ணியாபா?" என்று கங்கையம்மாள் கேட்டார். அதற்குப் பிறகு தலைவர் பொருள் எதுவும் சொல்லவில்லை. நமச்சிவாயத்துக்கு உடனே பாவு கொடுக்க வேண்டும், சாயப்பட்டறையை வேறு ஆளிடம் மாற்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். எழுதியதை என்னை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார்கள்.

மறுநாள் தில்லையம்மாள் பாவு வாங்க வந்தார். வாசலோடு வாங்கிக்கொண்டு போகாமல் அலுவலகம் முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி, எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனார். நான் அழுதுவிட்டேன்.

இன்று காலை என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நூல் எடை போடும் வேலை. கடிதப் பிரிவுக்குத் தலைவர் வேறு ஒருவரை வைத்துக்கொண்டார். அடைத்த கதவுக்குப் பின்னால் உங்களுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சங்கத்திலிருந்து இனி என்ன வந்தாலும் நான் எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள், கையெழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதாவது சொல்லுங்கள். அந்தப் பிரதி யாரிடம் இருக்கிறது? கங்கையம்மாளா?

ஏலவார்குழலி


கோயம்புத்தூர்
16-8-1971

அம்மா குழலி,

பிரதி யாரிடமும் இல்லை. நான் எழுதியது ஒன்றே ஒன்றுதான், அது உங்களிடம்தான் இருந்தது. நீங்கள் அதைக் கிழித்துப் போட்டிருந்தால் என் பேச்சு அத்தோடு போயிருக்கும். நீங்கள் தலைவருக்குப் பயந்து வரிகளை விட்டுவிடக் கூடாது என்று நான் போட்ட மிரட்டல் அது. தேவகிக்கு அது பிடிக்கவில்லை. 'அந்தப் பொண்ணு தன்னால படிச்சிருக்கும்' என்று இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

சங்கத்துக் கடிதம் ஆடி நடுவில் வந்தது. முழுசாக இரண்டு பக்கம். என் பணி நீடிப்பது குறித்து உரிய காலத்தில் உரிய முறையில் பரிசீலிக்கப்படலாகும் என்றும், அதுவரை நிலைமைக்கேற்ப ஒழுகப்படுவது எதிர்பார்க்கப்படுகிறது என்றும் இருந்தது. தலைவர் கையெழுத்து இல்லை. 'தலைவருக்காக' என்று ஒரு கிறுக்கல்தான். தேவகிக்குப் படித்துக் காட்டினேன். "உன்ன வூட்டுக்குப் போவச் சொல்றாங்களா, கடைக்குப் போவச் சொல்றாங்களா?" என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை.

முன்பெல்லாம் இப்படி ஒரு கடிதம் வந்தால் நிம்மதியாகச் சாப்பிடப் போயிருப்பேன் அல்லவா? இந்த முறை பயமாகத்தான் இருந்தது. பெரியவனுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதம் இது. இருந்தாலும் உட்கார்ந்து பதில் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். இந்த முறை நிஜமாகவே பதிவுத் தபால். 'நீங்கள் என்னை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை என்று எழுதி, ஆம் என்றால் என்ன காரணத்துக்காக என்றும் எழுதி, தலைவர் தம் கையால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். குழுவில் அதைப் படிக்கச் சொல்லுங்கள்.' இவ்வளவுதான் எழுதினேன்.

முந்தாநாள் வந்த பார்சலில் நமச்சிவாயம் நெய்த புதுச் சேலை ஒன்று இருந்தது. ஓரத்தை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், இப்போதெல்லாம் எல்லாவற்றையும் நனைத்துப் பார்க்கிறேன். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

சங்கத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. கடை திறந்திருக்கிறது.

ஆதிகேசவன்